பாம், கிவி, பரங்கி, கெலிங்: நாட்டுக்காரங்களுக்கு வெச்ச பட்டப்பேருங்க (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல கிரிக்கெட் பத்தின ஒரு பதில்ல இங்கிலாந்துக்காரங்கள ஆஸ்திரேலியாக்காரங்க 'பாம்'னு கூப்பிடுவாங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிய புடிச்சுகிட்டு வந்த கடிதமும் மெயிலும் ஏராளம். அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதே விஷயம்தான், ஒரு நாட்டுக்காரங்களுக்கு இன்னொரு நாட்டுக்காரங்க வெச்ச பட்டப்பேரு.

திருச்சி வாசகர்: சார், என் மகன் மெல்போர்ன்ல படிக்கிறான். அங்க டிவிலயே 'பாம்'னு சர்வசாதாரணமா சொல்றாங்களாம். 'ப்ரிசனர் ஆஃப் ஹெர் மெஜஸ்டி'ங்கிறதோட சுருக்கம், கைதின்னு அர்த்தம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. இவ்வளவு கேவலமான வார்த்தைய எப்படி அனுமதிக்கிறாங்க?

அந்த வாட்ஸ்அப் விளக்கம் தப்பு சார். காலக்கணக்கு பாத்தாலே தெரிஞ்சிடும். பிரிட்டன்ல இருந்து கைதிங்கள கப்பல்ல ஏத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பறது 1788ல ஆரம்பிச்சு 1868ல நின்னு போச்சு, ஆனா 'பாமி'ங்கிற வார்த்தை அச்சுல தலை காட்டறதே 1912 வாக்குலதான், கைதிக்கப்பல் நின்னு நாப்பது வருஷத்துக்கும் மேல ஆனப்புறம். அதோட கைதியா வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க அங்க இருக்கற ஆஸ்திரேலியாக்காரங்கதான், புதுசா டிக்கெட் எடுத்து வந்து இறங்கறவன போய் கைதின்னு அவங்க ஏன் கூப்பிடணும்? முதல் எழுத்துங்கள கோத்து வார்த்தை செய்யற பழக்கமே பெருசா பரவினது ரெண்டு உலகப்போர் காலத்துலதான், அதுக்கு முந்தின பழைய வார்த்தைக்கு யாராவது அழகா ஒரு விரிவாக்கம் சொன்னா அத முதல்ல சந்தேகப்படுங்க.

நிஜமா நடந்தது என்னன்னா, அப்போ பிரிட்டன்ல இருந்து கூட்டம் கூட்டமா வந்து குடியேறினவங்கள, இமிக்ரன்ட்ங்கிறதுக்கு எதுகையா 'ஜிம்மி கிரான்ட்'னு தெருப்பசங்க கிண்டல் பண்ணாங்க, அது அப்படியே இழுபட்டு 'பாமகிரானட்' ஆச்சு, அதாவது மாதுளம்பழம். குளிர் தேசத்துல இருந்து வந்தவங்களுக்கு அங்க அடிக்கிற வெயில்ல கன்னம் செக்கச்செவேல்னு ஆயிடும், அதுக்கும் இந்த பேரு பொருத்தமா இருந்ததுல ஒட்டிகிச்சு. அப்புறம் சுருங்கி பாமி, இன்னும் சுருங்கி பாம். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஆஸ்திரேலிய அரசாங்கமே வெறும் பத்து பவுண்டு கட்டினா போதும்னு பிரிட்டிஷ்காரங்கள கப்பல்ல ஏத்தி கூட்டிட்டு வந்துச்சு, லட்சக்கணக்குல வந்தாங்க, அவங்களுக்கு 'பத்து பவுண்டு பாம்'னே பேரு.

2006ல அங்க விளம்பரங்கள கண்காணிக்கிற வாரியத்துக்கு இந்த வார்த்தைய பத்தி புகார் போச்சு. கிண்டலான வார்த்தைதான், இழிவுபடுத்துற வார்த்தை இல்லன்னு முடிவு பண்ணி விட்டுட்டாங்க. என்னோட கருத்தும் அதேதான். ஏன்னு கேட்டா, இந்த பேரால எந்த பாமுக்கும் வீடு வாடகைக்கு கிடைக்காம போகல, வேலை போகல, ஓட்டு போகல. ஒரே நிறம், ஒரே மொழி, ஒரே ராணி. பட்டப்பேரு கூட வந்தது சிரிப்பு மட்டும்தான், அடி வரல. இத கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ லண்டன் கேள்விக்கு பதில் சொல்லும்போது இங்கதான் திரும்பி வருவேன்.

சேலம், ஒன்பதாவது படிக்கிற வாசகி: நியூசிலாந்துக்காரங்கள கிவின்னு சொல்றது பறவைய வெச்சா பழத்த வெச்சா?

பறவைய வெச்சுதான்மா. பழத்துக்கு அந்த பேரு வந்தது ரொம்ப பின்னாடி, அது சீனாவுல இருந்து நியூசிலாந்து போன கொடி, 'சைனீஸ் கூஸ்பெர்ரி'ன்னுதான் சொல்லிகிட்டு இருந்தாங்க, 1959ல அமெரிக்காவுக்கு ஏத்துமதி பண்றப்ப விக்கிறதுக்கு வசதியா 'கிவி ஃப்ரூட்'னு மாத்தினாங்க. நடுவுல ஒரு ஷூ பாலிஷ் கதை இருக்கு. 1906ல மெல்போர்ன்ல ஒருத்தர் ஷூ பாலிஷ் செஞ்சு, தன் மனைவி நியூசிலாந்துக்காரங்கங்கிறதால டப்பா மேல கிவி பறவைய போட்டாரு. முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க பூட்ஸுக்கெல்லாம் அந்த பாலிஷ்தான், அதே போர்ல நியூசிலாந்து சிப்பாய்ங்களுக்கும் கிவிங்கிற பேரு நிலைச்சுது. போர் முடிஞ்சும் ஊருக்கு கப்பல் கிடைக்காம இங்கிலாந்து முகாம்ல காத்துகிட்டு இருந்த அந்த பசங்க, 1919ல பக்கத்து மலைச்சரிவுல சுண்ணாம்பு பாறைய செதுக்கி பெரிய கிவி ஒண்ணு வரைஞ்சாங்க, அது பல்ஃபோர்டுங்கிற ஊர்ல இன்னைக்கும் இருக்கு. யாரோ வெச்ச பேர தானே எடுத்து நெஞ்சுல குத்திகிட்ட ஜனங்கன்னா அது இவங்கதான்.

மதுரை வாசகர்: பிரிட்டிஷ்காரன 'லைமி'ங்கிறாங்க, ஜெர்மன்காரன 'க்ராட்'ங்கிறாங்க. ரெண்டும் சாப்பாட்டு பேரா?

ஆமா, ரெண்டுமே கப்பலோட சம்பந்தப்பட்ட சாப்பாடும்கூட. மாசக்கணக்கா கடல்ல இருக்கறவங்களுக்கு ஸ்கர்வி வரும், ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சு பல்லு விழுந்து பழைய காயமெல்லாம் திறந்துகிட்டு கடைசில செத்தே போவாங்க, அந்த காலத்துல போர்ல செத்த மாலுமிங்கள விட இதுல செத்தவங்க அதிகம். 1747ல ஜேம்ஸ் லிண்ட்ங்கிற கப்பல் டாக்டர் 12 நோயாளிங்கள ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஜோடிக்கொரு மருந்து குடுத்து பாத்தாரு, ஆரஞ்சும் லெமனும் சாப்பிட்ட ரெண்டு பேரு மட்டும் சட்டுனு எழுந்துட்டாங்க. ஆனா கடற்படை அத எல்லா கப்பலுக்கும் உத்தரவா போட 1795 வரைக்கும் ஆச்சு, நடுவுல செத்தவங்கள நினைச்சா மனசு ஆறல.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டு நடுவுல மத்தியதரைக்கடல் லெமன (பெரிய மஞ்சள் எலுமிச்சை) விட்டுட்டு மேற்கிந்திய தீவுல இருந்து லைம் (நம்ம ஊரு சின்ன எலுமிச்சை மாதிரி) வாங்க ஆரம்பிச்சாங்க, தங்களோட காலனில விளையறது, சவுகரியம். 1867ல வியாபார கப்பல்லயும் லைம் ஜூஸ் குடுக்கணும்னு சட்டமே வந்துச்சு. அத பாத்துதான் மத்த தேசத்து மாலுமிங்க 'லைம் ஜூசர்'னு கேலி பண்ணி, அது 'லைமி' ஆச்சு. இதுல வருத்தமான விஷயம் என்னன்னா லெமன்ல இருக்கற விட்டமின் சி அளவுக்கு லைம்ல இல்ல, அதுலயும் அத காத்துல வெச்சு செம்பு குழாய்ல விட்டு பாட்டில்ல அடைக்கும்போது இருந்ததும் போயிடுச்சு, 1875ல ஆர்க்டிக் போன பிரிட்டிஷ் குழுவுக்கு தினமும் லைம் ஜூஸ் குடிச்சும் ஸ்கர்வி வந்துச்சு. விட்டமின்னு ஒண்ணு இருக்குன்னே அப்போ யாருக்கும் தெரியாது.

க்ராட்ங்கிறது சவர்க்ராட், முட்டைகோச பொடிப்பொடியா நறுக்கி உப்பு போட்டு புளிக்க வெக்கறது, ஜெர்மன்காரங்களுக்கு உசுரு. கேப்டன் குக் இங்கிலீஷ்காரர்தான், ஆனா அவரும் ஸ்கர்விக்கு பயந்து பீப்பா பீப்பாவா இத ஏத்திகிட்டுதான் போனாரு. உலகப்போர்ல அமெரிக்க பிரிட்டிஷ் சிப்பாய்ங்க ஜெர்மன்காரன க்ராட்னாங்க, முதல் உலகப்போர் சமயத்துல அமெரிக்காவுல சவர்க்ராட்ங்கிற பேரே வேண்டாம்னு 'லிபர்ட்டி கேபேஜ்'னு சுதந்திர முட்டைகோசாக்கிட்டாங்க. 'ஹன்'ங்கிற இன்னொரு பேரு ஜெர்மன்காரங்க தாங்களே வாங்கி கட்டிகிட்டது. 1900ல சீனாவுக்கு படை அனுப்பும்போது கைசர் வில்ஹெல்ம், அந்த காலத்துல ஐரோப்பாவ சூறையாடின அட்டிலாவோட ஹூணர்கள் (ஹன்) மாதிரி பேரெடுங்க, இரக்கம் காட்டாதீங்கன்னு துறைமுகத்துல நின்னு பேசினாரு, பதினாலு வருஷம் கழிச்சு எதிரிங்க அத்தன பேரும் அந்த பேரையே அவங்க தலைல கட்டிட்டாங்க.

சிதம்பரம் வாசகர்: எங்க ஊருக்கு பக்கத்துல பரங்கிப்பேட்டை. பரங்கிக்காய் நிறைய விளைஞ்சதாலதான் அந்த பேருன்னு எங்க வாத்தியார் சொன்னாரு. சரியா?

ரொம்ப நல்ல கேள்வி. பரங்கிங்கிறது வெள்ளைக்காரனுக்கு நாம வெச்ச பட்டப்பேரு. அந்த பரங்கி வந்து தங்கின ஊரு பரங்கிப்பேட்டை, அந்த பரங்கி கப்பல்ல கொண்டு வந்த காய் பரங்கிக்காய், சென்னைல அவன் கோயில் கட்டின மலை பரங்கிமலை. பூசணி வகைல இந்த காய் அமெரிக்க கண்டத்து சரக்கு, கொலம்பஸுக்கு முந்தி நம்ம ஊர்ல யாரும் அத பாத்ததில்ல.

வார்த்தையோட வேர பாத்தா ஆச்சரியமா இருக்கும். இன்னைக்கு பிரான்ஸ் இருக்கற இடத்துல வாழ்ந்த ஜெர்மானிய கூட்டம் ஃப்ராங்க். 1096ல சிலுவைப்போர் ஆரம்பிச்சு ஐரோப்பாவுல இருந்து படை படையா ஜெருசலேம் பக்கம் வந்து இறங்கினப்ப, அதுல பெரும்பகுதி ஃப்ராங்க் தேசத்துக்காரங்களா இருந்ததால அரபுக்காரங்க மொத்த ஐரோப்பாக்காரனையும் 'இஃப்ரஞ்ச்'ன்னுட்டாங்க. பாரசீகத்துல அது 'ஃபரங்', இந்தில 'ஃபிரங்கி'. 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல வந்து இறங்கறதுக்கு முன்னாடியே அரபு வியாபாரிங்க வாயில அந்த வார்த்தை அங்க தயாரா இருந்துச்சு. ஒரு போர்ச்சுகீசியனுக்கும் ஃப்ராங்க் கூட்டத்துக்கும் எந்த ஒட்டும் இல்ல, ஆனாலும் நமக்கு அவன் பரங்கி. இதே வார்த்தை எத்தியோப்பியாவுல 'ஃபெரெஞ்ச்', தாய்லாந்துல 'ஃபராங்'. தாய்லாந்துல கொய்யாப்பழத்துக்கும் ஃபராங்னுதான் பேரு, நம்ம பரங்கிக்காய் கதையேதான், வெளிநாட்டுக்காரன் கொண்டு வந்த பழம்.

இத வெறும் அடையாளப்பேரா நம்ம ஜனங்க வெச்சிருக்கல, அதுல அருவருப்பு கலந்திருந்துச்சு. பரங்கின்னா மாட்டுக்கறி தின்னறவன், குடிக்கிறவன், குளிக்காதவன்னு அர்த்தம். 1606ல மதுரைக்கு வந்த இத்தாலி பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி இத வந்த உடனே புரிஞ்சுகிட்டாரு. அவருக்கு முன்னாடி அங்க பல வருஷமா இருந்த போர்ச்சுகீசிய பாதிரியார உயர்சாதின்னு சொல்லிக்கிறவங்க யாரும் கிட்டயே சேர்க்கல, பரங்கி மதம்னு ஒதுக்கி வெச்சுட்டாங்க. நொபிலி காவி கட்டி, மாமிசத்த விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்சு, தத்துவ போதகர்னு பேரும் வெச்சுகிட்டு, நான் பரங்கி இல்ல, பரங்கி தேசத்துல பிறக்கவும் இல்ல, அந்த குலத்தோட எனக்கு சம்பந்தமே இல்லன்னு ஓலைல எழுதி வீட்டு வாசல்ல மாட்டி வெச்சாரு. ஒரு பட்டப்பேருக்கு பயந்து ஒரு மனுஷன் தன் சாப்பாட்டையும் உடுப்பையும் மாத்திகிட்டு, தன்னோட சொந்த ஆளுங்களோட வெளிப்படையா பழகறதையும் விட்டாருன்னா அந்த பேருக்கு எவ்வளவு கூர் இருந்திருக்கணும். அதுல நம்மூரு சாதிப்புத்தியும் சேந்திருந்துச்சுங்கிறதையும் சொல்லிடணும், பரங்கி கூட சேந்த மீனவ ஜனங்களையும் அதே அருவருப்போடதான் பாத்தாங்க.

நோய்க்கும் இந்த பேரு ஏறிச்சு. உடலுறவால தொத்தற சிஃபிலிஸ் 1495ல பிரெஞ்சு படை நேப்பிள்ஸ புடிச்சப்ப ஐரோப்பாவுல வெடிச்சு பரவின நோய், இத்தாலிக்காரங்க அத 'பிரெஞ்சு நோய்'ன்னாங்க, பிரெஞ்சுக்காரங்க 'நேப்பிள்ஸ் நோய்'ன்னாங்க, துருக்கில 'ஃப்ராங்க் நோய்', வட இந்திய வைத்தியத்துல 'ஃபிரங்க ரோகம்', நம்மூர்ல 'பரங்கிப்புண்'. யாருமே தன் தேசத்து பேர வெச்சுக்கல பாருங்க. இலங்கைல 'யாஸ்'ங்கிற வேற ஒரு தோல் நோய்க்கு பரங்கின்னே பேரு.

ஆனா அதே இலங்கைல, போர்ச்சுகீசிய டச்சு வம்சாவளில வந்த பர்கர் ஜனங்கள தமிழ்ல 'பறங்கியர்'னு அரசாங்க கணக்கெடுப்புலயே போடறாங்க, அங்க அது ஒரு இனத்தோட மரியாதையான பேரு. நடுவுல வெறும் முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல்.

பினாங்கு வாசகி (மலேசியா): ஐயா, என் மகன ஸ்கூல்ல கூட படிக்கிற பசங்க 'கெலிங்'னு கூப்பிடறாங்க, அழுதுட்டே வீட்டுக்கு வரான். டீச்சர்கிட்ட சொன்னா, இங்க கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்னே இருக்கே, அது கெட்ட வார்த்தை இல்லன்னு சொல்லிட்டாங்க. எங்க தாத்தாவோ, சங்கிலி போட்டு இழுத்துட்டு வந்த தமிழ் கைதிங்களோட கால்ல 'கிளிங் கிளிங்'னு சத்தம் வந்ததால வெச்ச பேருன்னு சொல்வாரு. எது நிஜம்?

அம்மா, டீச்சர் சொன்ன வரலாறு சரி, ஆனா அவங்க எடுத்த முடிவு தப்பு, உங்க மகன் பக்கம்தான் நியாயம் இருக்கு.

சங்கிலி சத்தம் கதை மலேசியா சிங்கப்பூர் தமிழருங்க நிறைய பேரு நம்பறது, ஆனா அது நடந்திருக்க முடியாது. இந்திய கைதிங்கள பிரிட்டிஷ்காரன் பினாங்குக்கு கொண்டு வந்தது 18ஆம் நூற்றாண்டு கடைசில, சிங்கப்பூருக்கு 1825ல. கெலிங்ங்கிற பேரோ மலாய் சரித்திர நூல்கள்லயே இருக்கு, 'கெலிங் தேசம்'னு நம்ம பக்கத்தத்தான் சொல்றாங்க. 1510கள்ல மலாக்காவுல இருந்த டோமே பிரெஸ்ங்கிற போர்ச்சுகீசியரும் அங்க செல்வாக்கா வியாபாரம் பண்ற 'கெலிங்' வியாபாரிங்கள பத்தி எழுதி வெச்சிருக்காரு. வார்த்தை கலிங்கத்துல இருந்து வந்தது, ஒடிசா, வட ஆந்திரா கடற்கரை. முதல்ல அந்த கப்பல்காரங்கள பாத்து பழகி, அப்புறம் அந்த திசைல இருந்து வந்த எல்லாருக்கும் அதே பேர போட்டுட்டாங்க, வந்தவங்கள்ல பெரும்பகுதி தமிழங்க. ஃப்ராங்க் பேரு ஐரோப்பா முழுக்க பரவின அதே வழிதான். ரீயூனியன் தீவுல நம்மாளுங்க 'மலபார்', ஏன்னா ஐரோப்பாக்காரனுக்கு தென்னிந்தியான்னாலே மலபார் கரை, தமிழ் பாஷையவே ரொம்ப நாள் மலபார் பாஷைன்னுதான் எழுதிகிட்டு இருந்தாங்க.

ஆக அந்த காலத்துல அது மரியாதையான பேருதான். மலாக்காவுல 1748ல எழும்பின கம்போங் கெலிங் பள்ளிவாசல், பினாங்குல 1801ல ஆரம்பிச்ச கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், ரெண்டும் தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க பெருமையா கட்டினது. அப்புறம் என்ன ஆச்சு? ரப்பர் தோட்டம் வந்துச்சு. 19ஆம் நூற்றாண்டு கடைசில இருந்து லட்சக்கணக்குல நம்ம ஏழை ஜனங்கள தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு பக்கத்துல இருந்து அள்ளிட்டு போய் தோட்ட லயத்துல அடைச்சாங்க, கெலிங்ன்னா கப்பல் முதலாளிங்கிற ஞாபகம் மறைஞ்சு பால்மரம் வெட்டற கறுப்பு கூலிக்காரன்ங்கிற அர்த்தம் வந்து உக்காந்துச்சு. சிங்கப்பூர்ல இருந்த 'கிளிங் ஸ்ட்ரீட்' பேர அங்கிருந்த இந்தியருங்க எதிர்ப்பு சொல்லி 1920கள்லயே சுலியா ஸ்ட்ரீட்னு மாத்த வெச்சாங்க, அதாவது நூறு வருஷமா இந்த வார்த்தை வலிக்குதுன்னு நம்மாளுங்க சொல்லிகிட்டே இருக்காங்க. ஒரு பள்ளிவாசல் கல்வெட்டுல இருக்கற பேரும் பத்து வயசு பையன சுத்தி நின்னு கத்தற பேரும் ஒண்ணு இல்லம்மா. டீச்சர் கேக்கலன்னா தலைமை ஆசிரியர்கிட்ட எழுத்துல குடுங்க, மத்த தமிழ் பெத்தவங்களையும் கூட்டிட்டு போங்க.

அதே ஊர்ல 'மாமாக்'ங்கிற பேர பாருங்க. தமிழ் முஸ்லிம்கள மலாய்க்காரங்க கூப்பிடறது, நம்ம மாமாதான் மாமாக் ஆயிருக்காரு. ராத்திரி ரெண்டு மணிக்கு மாமாக் கடைல ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடாத மலேசியாக்காரனே கிடையாது, கடைக்காரங்களும் அந்த பேரையே போர்டுல எழுதிக்கறாங்க. உறவுப்பேருல இருந்து வந்ததால இன்னும் அதுல கொஞ்சம் சூடு ஒட்டிகிட்டு இருக்கு.

டர்பன் போய் வந்த வாசகர், சென்னை: தென்னாப்பிரிக்காவுல 'கூலி'ன்னு சொல்லவே கூடாதாமே?

கூடாது. 1860 நவம்பர்ல 'ட்ரூரோ'ங்கிற கப்பல் சென்னைல இருந்து முதல் ஒப்பந்த தொழிலாளிங்கள நேட்டாலுக்கு கொண்டு போய் சேத்துச்சு, கரும்புத்தோட்டத்துக்கு. அவங்கள கூலின்னாங்க, அப்புறம் சொந்த காசுல போன குஜராத்தி வியாபாரியும் கூலி, டாக்டரும் கூலி, 1893ல போன காந்தி 'கூலி பாரிஸ்டர்'. வேர் நம்ம கூலியா, குஜராத் பக்கத்து கோலிங்கிற சமூகத்தோட பேரான்னு ரெண்டு விதமா சொல்றாங்க, எதுவா இருந்தாலும் நடைபாதைல இருந்து இறக்கி விடறதுக்கும் ரயில்ல இருந்து தள்ளறதுக்கும் கூடவே வந்த வார்த்தை அது. நாம இங்க 'கூலி குடுத்தாச்சா'ன்னு கேக்கறது வேற, அங்க ஒருத்தர் முகத்துக்கு நேரா அத சொல்றது வேற.

பெங்களூர்ல வேலை பாக்கற வாசகர்: அடுத்த மாசம் லண்டன் ஆபீஸுக்கு போறேன். கிரிக்கெட் பேசும்போது நாங்க ஆஸி, கிவி, பாக்கின்னு சொல்றது வழக்கம். அங்க 'பாக்கி' மட்டும் சொல்லிடாதேன்னு சீனியர் சொல்றாரு. ஆஸி மாதிரி அதுவும் சுருக்கம்தானே?

உங்க சீனியர் சொல்றத அப்படியே கேளுங்க தம்பி. சுருக்கம்தான், ஆஸி, பிரிட், பாக்கி எல்லாம் ஒரே அச்சுல வாத்த மாதிரி இருக்கும். பாகிஸ்தான்ங்கிற பேரே 1933ல சவுத்ரி ரஹ்மத் அலின்னு ஒருத்தர் கேம்பிரிட்ஜ்ல இருந்து எழுதினதுல வந்தது, அதோட அர்த்தமும் தூய்மையான நாடுன்னு நல்லவிதமாதான் இருக்கு. வார்த்தைல எந்த கெட்டதும் இல்ல. கெட்டது அத சொல்லிகிட்டே செஞ்ச காரியத்துல இருக்கு.

1960கள் கடைசில இருந்து இங்கிலாந்து தெருக்கள்ல மொட்டை அடிச்ச இளவட்டங்க கூட்டமா கிளம்பி ஆசியாக்காரங்கள தேடிப்போய் அடிக்கறத 'பாக்கி பேஷிங்'னு ஒரு விளையாட்டு பேரு மாதிரி சொல்லிகிட்டு செஞ்சாங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டா கேட்டான்? பஞ்சாபி, பெங்காலி, குஜராத்தி, தமிழன், எல்லாருக்கும் அந்த ஒரே பேரு, அந்த ஒரே அடி. 1978 மே 4ஆம் தேதி ராத்திரி வேலை முடிஞ்சு வீட்டுக்கு நடந்து போன அல்தாப் அலிங்கிற 24 வயசு வங்கதேச தையல் தொழிலாளிய கிழக்கு லண்டன் வைட்சேப்பல்ல குத்தி கொன்னாங்க, பத்து நாள்ல ஆயிரக்கணக்கான பேரு அவர் சவப்பெட்டி பின்னாடி பிரதமர் வீடு வரைக்கும் நடந்தாங்க. அவர் செத்த இடத்துக்கு பக்கத்துல இருக்கற பூங்காவுக்கு இப்போ அவர் பேருதான், லண்டன் போறீங்கன்னா ஒரு தடவை போய்ட்டு வாங்க. இதெல்லாம் தெரிஞ்ச ஜனங்க காதுல அந்த வார்த்தை எப்படி விழும்? 2009ல இளவரசர் ஹாரி ராணுவ பயிற்சில கூட இருந்தவர அந்த பேரால சொன்ன வீடியோ வெளிய வந்து, கெட்ட எண்ணத்துல சொல்லலன்னு சொல்லியும் மன்னிப்பு கேக்க வேண்டியதாச்சு.

அமெரிக்காவுல 'ஜாப்'ங்கிறதும் இதே கணக்குதான், ஜப்பானீஸ்ங்கிறதோட வெறும் சுருக்கம். ஆனா 1942ல சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளி ஜனங்கள, அதுல பெரும்பகுதி அமெரிக்காவுலயே பொறந்து குடியுரிமை இருக்கறவங்க, வீட்டையும் கடையையும் தோட்டத்தையும் விட்டுட்டு வர சொல்லி முள்வேலி முகாம்ல அடைச்சப்ப சுவத்துலயும் பேப்பர்லயும் இருந்த வார்த்தை அதுதான். டெக்சாஸ்ல ஒரு ரோட்டுக்கு 'ஜாப் ரோடு'ன்னு பேரு, அங்க குடியேறி நெல்லு போட்ட ஜப்பானிய விவசாயிய கவுரவிக்க வெச்சதுன்னு ஊர்க்காரங்க வாதாடினாங்க, ஆனாலும் 2004ல மாத்தினாங்க. பாமுக்கும் பாக்கிக்கும் வித்தியாசம் இலக்கணத்துல தேடினா கிடைக்காது, போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டுல தேடினா கிடைக்கும்.

காரைக்குடி வாசகர்: யாங்கின்னா எல்லா அமெரிக்கனுமா?

வெளிநாட்டுக்காரனுக்கு எல்லா அமெரிக்கனும் யாங்கி. அமெரிக்காவுக்குள்ள தென்மாநிலத்துக்காரனுக்கு வடக்கத்தியான் யாங்கி, தெக்கத்தியான போய் யாங்கின்னா கோவம் வரும், உள்நாட்டுப்போர்ல எதிரிக்கு அவன் வெச்ச பேரு அது. வடக்கத்தியானுக்கோ நியூ இங்கிலாந்து பக்கத்துக்காரன்தான் யாங்கி. நியூயார்க்க ஆண்ட டச்சுக்காரங்கள்ல 'யான்' ரொம்ப சகஜமான பேரு, அதுல இருந்து வந்திருக்கும்ங்கிறதுதான் பலரும் ஏத்துக்கற விளக்கம். 1758ல பிரிட்டிஷ் ஜெனரல் ஜேம்ஸ் வுல்ஃப் நியூ இங்கிலாந்து சிப்பாய்ங்கள மட்டமா சொல்ல இந்த வார்த்தைய கடிதத்துல எழுதினாரு, பிரிட்டிஷ் படை கேலியா பாடின யாங்கி பாட்ட சுதந்திரப்போர்ல அமெரிக்கருங்க தங்களோட பாட்டாவே ஆக்கிகிட்டாங்க.

மெக்சிகோ பக்கத்து 'கிரிங்கோ'வையும் சேத்து சொல்லிடறேன். 1846 போர்ல பச்சை உடுப்பு போட்ட அமெரிக்க படைய பாத்து 'கிரீன் கோ'ன்னு கத்தினாங்கன்னு ஒரு கதை உலாத்துது, நம்பாதீங்க. 1787ல வந்த ஸ்பெயின் அகராதிலயே அந்த வார்த்தை இருக்கு, ஸ்பானிஷ் சரியா பேச வராத வெளியூர்க்காரன்னு அர்த்தம் போட்டு. கிரேக்கன்ங்கிற 'கிரியேகோ'ல இருந்து வந்தது.

திருப்பூர் வாசகி: எங்க பனியன் கம்பெனில பீகார், ஒடிசா பசங்க நிறைய. என் வீட்டுக்காரரும் பிள்ளைங்களும் அவங்கள 'வடக்கன்'னு சொல்றாங்க. இதுல என்ன தப்பு, வடக்க இருந்து வந்தவன்தானேன்னு கேக்கறாங்க. நாட்டு பேரு இல்லன்னாலும் கேக்கலாமா?

தாராளமா கேக்கலாம், நாட்டு பேர விட இதுதான் நமக்கு அவசரம்.

'மதராசி'ங்கிறதும் மெட்ராஸ்ல இருந்து வந்தவன்தானே, அதுல என்ன தப்பு? ஆனா டெல்லிலயும் பம்பாய்லயும் அந்த வார்த்தைய கேட்டு வளந்த நம்மாளுங்கள கேட்டு பாருங்க. 1966ல பம்பாய்ல சிவசேனா ஆரம்பிச்ச புதுசுல தென்னிந்தியருங்கதான் அவங்க இலக்கு, 'பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி' (மகுடி ஊது, லுங்கிய விரட்டு)ன்னு கோஷம் போட்டு உடுப்பி ஹோட்டல அடிச்சாங்க, நம்ம பசங்க ஆபீஸ் வேலைய புடுங்கிட்டாங்கங்கிறதுதான் குத்தச்சாட்டு. இப்போ இங்க வடக்கன்ங்கிற வார்த்தை கூட என்னென்ன சொல்றாங்கன்னு கவனிங்க. குறைஞ்ச கூலிக்கு வந்து நம்ம வேலைய கெடுக்கறான், அழுக்கு, பான்பராக், திருடன். பம்பாய்ல நமக்கு சொன்னதும் பினாங்குல உங்க மாதிரி ஒரு தாயோட பிள்ளைக்கு சொல்றதும் இதேதான். 2023ல பீகார் தொழிலாளிங்கள தமிழ்நாட்டுல அடிச்சு கொல்றாங்கன்னு பொய் வீடியோ பரவி, உங்க ஊர்ல இருந்தே கூட்டம் கூட்டமா ரயில் ஏறினாங்களே, பாத்திருப்பீங்க. வீடியோ பொய்தான், ஆனா அத நம்பற அளவுக்கு அந்த பசங்களுக்கு ஏற்கனவே பயம் இருந்திருக்கு, அந்த பயத்துல நம்ம வாயில இருந்து போன வார்த்தைக்கும் பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

பேரு தெரிஞ்சா பேர சொல்லி கூப்பிட சொல்லுங்க. தெரியலன்னா தம்பின்னு கூப்பிட சொல்லுங்க, அது அவங்களுக்கும் இப்போ புரியும்.

தூத்துக்குடி வாசகர்: லாரி செட்ல டீசல் புடிக்கிற தகர கேன 'ஜெர்ரி கேன்'ங்கிறோம். ஜெர்ரின்னு யாராவது கண்டுபுடிச்சதா?

இல்லீங்க, ஜெர்ரிங்கிறது ஜெர்மன்காரனுக்கு பிரிட்டிஷ் சிப்பாய் வெச்ச பேரு. 1930கள் கடைசில ஜெர்மன் ராணுவம் செஞ்ச கேன் அது, 20 லிட்டர், மேல மூணு கைப்பிடி, ஒருத்தனா தூக்கினாலும் ரெண்டு பேரா தூக்கினாலும் வசதி, காலி கேன் ரெண்ட ஒரே கைல புடிக்கலாம், பக்கவாட்டுல இருக்கற பள்ளம் பெட்ரோல் சூட்டுல விரியறதுக்கு. வட ஆப்பிரிக்க பாலைவனத்துல பிரிட்டிஷ் படை வெச்சிருந்த மெல்லிசு தகர டின் சும்மா சும்மா ஒழுகி பெட்ரோல் பாதி மணல்லயே போயிடுச்சு, அதனால ஜெர்மன்காரன் விட்டுட்டு போன கேன எங்க பாத்தாலும் பொறுக்கிகிட்டாங்க, அப்புறம் அத அப்படியே பாத்து தாங்களும் செஞ்சாங்க. உங்க செட்ல இருக்கறதும் அநேகமா அதே 20 லிட்டர் அளவுலதான் இருக்கும், கைப்பிடி மூணு இருக்கான்னு எண்ணி பாருங்க.